‘ஃபிலாட்டலி’யில் ஸ்டாம்ப் எங்கே இருக்கிறது? ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் பழைய கடிதக் கணக்கு

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

சென்ற அக்டோபரில் அஞ்சல் வாரத்துக்காக எங்கள் டெஸ்க்கில் ஒரு இன்ஸ்டா கார்டு போட்டோம். வாசகம் நான் எழுதியது. “ஃபிலாட்டலி: ‘ஃபிலோஸ்’ என்றால் அன்பு, ‘அட்டலி’ என்றால் ஸ்டாம்ப்.” ஷிஃப்ட் முடியும் நேரம், சரிபார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் இன்பாக்ஸில் ஒரு வாசகர் வந்தார். “தம்பி, பழைய கிரேக்க நாட்டுல ஸ்டாம்ப் ஏது?” அவ்வளவுதான் கேட்டிருந்தார். கார்டைத் தூக்கிவிட்டோம்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. உலகின் முதல் தபால்தலை வந்தது 1840-இல். சாக்ரடீஸ் காலத்து மொழியில் அதற்கு வார்த்தை இருக்க வாய்ப்பே இல்லை. அப்படியென்றால் ஸ்டாம்ப் சேகரிப்பவர்களுக்கு ‘ஃபிலாட்டலிஸ்ட்’ என்று பெயர் வைத்தவர் எதை எடுத்து வைத்தார்?

வரியை. இன்னும் சரியாகச் சொன்னால், வரி இல்லாமையை.

இறையிலிப் பிரியர்கள்

சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். முதல் பாதி சுலபம். ‘ஃபிலோஸ்’ என்றால் பிரியமானவர், நண்பர். ஃபிலாசஃபியில் இருப்பது இதுதான், அறிவின் மீதான பிரியம். பிலிப் என்ற பெயரிலும் இதுதான் இருக்கிறது. பிலிப் என்றால் குதிரைப் பிரியர். உங்கள் ஆபீஸ் பிலிப்பிடம் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாம் பாதி ‘அடெலெயா’. இதில் ‘டெலோஸ்’ என்பது வரி, சுங்கம், கட்டணம். முன்னால் நிற்கும் ‘அ’ இல்லை என்று சொல்வது. நீதி, அநீதி என்கிறோமே, அந்த ‘அ’வும் இந்த ‘அ’வும் சமஸ்கிருதம் வழியாகப் பார்த்தால் சொந்தக்காரர்கள். ஆக, அடெலெயா என்றால் வரிவிலக்கு.

இதைச் சொன்னதும் தமிழில் கல்வெட்டு படித்தவர்கள் உடனே ஒரு சொல்லைப் பிடித்துவிடுவார்கள்: இறையிலி. சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கும் மற்றவர்களுக்கும் வரி நீக்கிக் கொடுத்த நிலத்துக்கு அதுதான் பெயர். இறை என்றால் வரி, இலி என்றால் இல்லாதது. அடெலெயாவுக்கு இதைவிடக் கச்சிதமான மொழிபெயர்ப்பு கிடைக்காது. அப்படிப் பார்த்தால் ஃபிலாட்டலிஸ்ட் என்பதன் நேர்த்தமிழ் ‘இறையிலிப் பிரியர்’. கேட்டால் ஏதோ ஆடிட்டர் மாதிரி இருக்கிறது.

அந்த டெலோஸ் உங்களுக்குப் புதிதும் இல்லை. வார இறுதியில் ஊருக்குப் போகும்போது ஃபாஸ்டேக்கில் காசு பிடிக்கும் ‘டோல்’ இருக்கிறதே, அதுவும் லத்தீன் வழியாக இந்த டெலோஸிலிருந்து வந்தது என்றுதான் பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. டோல் கட்டாமல் போக முடிந்தால் அதுதான் அடெலெயா. முதலாம் குலோத்துங்கனுக்கு ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பட்டம் வந்தது இதே விஷயத்துக்காகத்தான்.

ஏதென்ஸ் நகரத்தில் அடெலெயா எல்லாருக்கும் கிடைக்கவில்லை. அது ஒரு மரியாதை. நகரத்துக்குப் பெரிய உதவி செய்தவர்கள், சில வீரர்களின் வாரிசுகள் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் லெப்டினஸ் என்பவர் ‘இந்தச் சலுகைகளை ஒழிப்போம்’ என்று சட்டம் கொண்டுவர, டெமோஸ்தனிஸ் அதை எதிர்த்து வாதாடிய உரை இன்றும் இருக்கிறது. விலக்கு என்பது சிலருக்கு மட்டுமே. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

சரி, வரிவிலக்குக்கும் ஸ்டாம்புக்கும் என்ன சம்பந்தம்?

கடிதம் வந்தால் கையைப் பிசைந்த காலம்

இப்போது 30 வயதைத் தாண்டியவர்களுக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். இந்தியாவில் செல்போன் வந்த புதிதில் நமக்கு அழைப்பு வந்தாலும் நம் காசுதான் கரையும். இன்கமிங் இலவசம் ஆனது 2003-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் போன் அடித்தால் சந்தோஷத்தைவிட பதற்றம் அதிகம். எடுக்கலாமா, வேண்டாமா? அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

1840-க்கு முன் பிரிட்டனில் கடிதம் அப்படித்தான் இருந்தது. அனுப்புகிறவர் முன்கூட்டியே கட்டலாம், ஆனால் வழக்கம் வேறு. பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கட்டணம் கொடுத்தார். அதுவும் தூரத்தைப் பொறுத்து, தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்து. இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாள் கடிதத்துக்கு ஒரு ஷில்லிங்குக்கு மேல் ஆனது. விவசாயக் கூலியின் ஒரு நாள் சம்பளத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். தாளை மிச்சம் பிடிக்க ஒரு பக்கம் எழுதி முடித்ததும் அதையே திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவார்கள். அருங்காட்சியகங்களில் அந்தக் கடிதங்களைப் பார்த்தால் பின்னிய கூடை மாதிரி இருக்கும்.

கஷ்டப்பட்டவர்கள் வழியும் கண்டுபிடித்தார்கள். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் பற்றி ஒரு கதை உண்டு. ஏரி மாவட்டத்தில் அவர் போய்க்கொண்டிருந்தபோது தபால்காரர் ஒரு பெண்ணிடம் கடிதம் நீட்டுகிறார். அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காசில்லை என்று கொடுத்துவிடுகிறாள். மனம் கேட்காமல் கோல்ரிட்ஜே ஷில்லிங்கைக் கொடுத்துவிட்டார். தபால்காரர் போனதும் அவள் பிரித்துக் காட்டினால் உள்ளே வெறும் தாள். அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடாம். கடிதம் வந்தால் அண்ணன் நலம், அவ்வளவுதான் சேதி. காசு கொடுக்கத் தேவையே இல்லை.

வீடு வந்து சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு என்போமே, அச்சு அசல் அதேதான். பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் கோல்ரிட்ஜை எடுத்துவிட்டு ரோலண்ட் ஹில்லை அதில் பொருத்திவிட்டார்கள். அப்படிப் பொருத்தியதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு பென்னி, எங்கே வேண்டுமானாலும்

ரோலண்ட் ஹில் அடிப்படையில் பள்ளி ஆசிரியர். 1837-இல் தபால் சீர்திருத்தம் பற்றி ஒரு சிறு நூல் போட்டார். அதில் அவர் போட்ட கணக்குதான் எல்லாரையும் உட்கார வைத்தது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தை வண்டியில் கொண்டுபோக உண்மையில் ஆகும் செலவு ஒரு பென்னியில் 36-இல் ஒரு பங்கு. அப்படியானால் மற்ற காசெல்லாம் எங்கே போகிறது? தூரம் பார்த்து, தாள் எண்ணி, கணக்கு எழுதி, வீடு வீடாக நின்று காசு வசூலிப்பதிலும், அரசாங்கம் அதன் மேல் ஏற்றிய வரியிலும். ஆம், வரி. அந்தக் காலத்துத் தபால் கட்டணம் பாதி சேவைக் கட்டணம், பாதி டெலோஸ்.

அவர் சொன்ன தீர்வு எளிமையானது. நாடு முழுக்க எந்தத் தூரத்துக்கும் அரை அவுன்ஸுக்கு ஒரு பென்னி. முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். கட்டியதற்குச் சாட்சியாக ஒரு உறை, அல்லது பின்பக்கம் பசை தடவிய ஒரு துண்டுக் காகிதம். (உறைதான் பிரபலமாகும் என்று எதிர்பார்த்தார்கள். அதில் போட்ட ஆடம்பரமான படத்தைப் பார்த்து ஊரே கேலி செய்ய, அரசு அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. துண்டுக் காகிதம் ஜெயித்தது.)

1840 ஜனவரி 10 முதல் ஒரு பென்னி கட்டணம். மே 1 அன்று விற்பனைக்கு வந்தது ‘பென்னி பிளாக்’. கறுப்பு மையில் விக்டோரியா ராணியின் தலை. நாட்டின் பெயர்கூட இல்லை. இன்றுவரை பிரிட்டன் தன் ஸ்டாம்பில் நாட்டின் பெயரைப் போடுவதில்லை. நாம் தபால்‘தலை’ என்று சொல்லும்போது எனக்கு அந்தத் தலைதான் கண்ணில் வருகிறது.

1839-இல் சுமார் 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் 1840-இல் சுமார் 16.9 கோடி ஆயின. அரசுக்கு இது சும்மா வரவில்லை. தபால் துறையின் நிகர வருமானம் சுமார் 16 லட்சம் பவுண்டிலிருந்து 5 லட்சத்துக்கு விழுந்தது. மீண்டு வர வருடக்கணக்கில் ஆயிற்று.

இதே ஜனவரி 10-இல் இன்னொன்றும் நடந்தது. அதுவரை எம்.பி.க்கள் உறை மேல் கையெழுத்துப் போட்டால் கடிதம் இலவசமாகப் போகும். அந்தக் கையெழுத்தை நண்பர்களுக்கு, உறவினர்களுக்கு என்று தாராளமாக வாரி வழங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சலுகை ஒழிந்தது. ராணியே தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். இப்போது ஏதென்ஸை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சிலருக்கு மட்டும் இருந்த விலக்கு போயிற்று. ஷில்லிங்குக்கு வழியில்லாமல் கடிதத்தைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு, கடிதம் கைக்கு வரும்போது ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்ற விலக்கு வந்தது.

‘ஸ்டாம்ப் பைத்தியம்’ என்ற பெயர் பிடிக்காதவர்

ஸ்டாம்ப் வந்த மறு வருடமே சேகரிப்பும் தொடங்கிவிட்டது, கொஞ்சம் விநோதமாக. 1841-இல் லண்டன் டைம்ஸில் ஓர் இளம்பெண் விளம்பரம் கொடுத்தார். தன் அலங்கார அறைச் சுவர் முழுக்கப் பழைய ஸ்டாம்ப் ஒட்ட ஆசையாம். நண்பர்கள் உதவியில் ஏற்கெனவே 16,000 சேர்ந்துவிட்டது, மற்றவர்களும் அனுப்பி உதவலாம் என்றார். அன்றைய ரீல்ஸ் கன்டென்ட்.

1860-களில் பாரிஸில் இது காய்ச்சல் மாதிரி பரவியது. பூங்காக்களில் கூடி மாணவர்களும் பெரியவர்களும் ஸ்டாம்ப் மாற்றிக்கொண்டார்கள். கேட்லாக் வந்தது, பத்திரிகை வந்தது. ஆனால் பெயர்? பிரெஞ்சில் ஸ்டாம்புக்கு ‘தேம்ப்ர்’. கிண்டலாக ‘தேம்ப்ரோமனி’ என்றார்கள். அதாவது ஸ்டாம்ப் பைத்தியம். தங்கள் பொழுதுபோக்கை ஒரு படிப்பாக நினைத்தவர்களுக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும்.

ஜார்ஜ் எர்பான் என்ற பாரிஸ் சேகரிப்பாளர் 1864 நவம்பர் 15 அன்று ஸ்டாம்ப் சேகரிப்பாளர்களுக்கான பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். தலைப்பு, ‘ஞானஸ்நானம்’. குழந்தைக்குப் பெயர் வைக்கும் சடங்கு. அதில் அவர் வைத்த பெயர்தான் ‘ஃபிலாடெலி’.

ஏன் அடெலெயா? இங்கேதான் நான் கார்டு போடும்போது கோட்டை விட்டது. விடை கிரேக்கத்தில் இல்லை, பிரெஞ்சில் இருக்கிறது. கடிதத்துக்கு முன்கூட்டியே காசு கட்டுவதற்குப் பிரெஞ்சில் ‘அஃப்ராங்ஷிர்’ என்று பெயர். அந்த வினைச்சொல்லின் நேர்ப்பொருள் விடுதலை செய்வது. அடிமையை விடுவிப்பதற்கும் அதே சொல். ஸ்டாம்ப் ஒட்டிய கடிதம் விடுதலையான கடிதம், வாங்குகிறவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. ஆங்கிலத்தில் ‘ஃப்ராங்கிங்’ என்பதும், ஆபீஸ்களில் இருக்கும் ஃப்ராங்கிங் மெஷினும் இந்தக் குடும்பம்தான். இந்த ‘விடுபட்டது’ என்ற கருத்துக்குக் கிரேக்கத்தில் சொல் தேடிய எர்பான், வரியிலிருந்து விடுபட்டதைக் குறிக்கும் சொல்லைப் பிடித்துக்கொண்டார். தபால் கட்டணம் செலுத்தப்பட்டதோடு தொடர்புள்ள எல்லாவற்றையும் விரும்பிப் படிப்பது என்பதுதான் அவர் சொன்ன பொருள். வெறும் ஸ்டாம்ப் என்று அவர் நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்கணும்.

எல்லாரும் உடனே கைதட்டிவிடவில்லை. பிரான்ஸிலேயே ‘தேம்ப்ரோலொஜி’ என்ற போட்டிச் சொல் நீண்ட நாள் ஓடியது. 1870-களில் பாரிஸில் தொடங்கிய ஒரு சங்கம் அதைத்தான் தன் பெயரில் வைத்துக்கொண்டது. ஆனால் லண்டனில் 1869-இல் ஆரம்பித்த சங்கம் ‘ஃபிலாட்டலிக் சொசைட்டி’ என்று வைத்துக்கொள்ள, ஆங்கிலம் போன இடமெல்லாம் எர்பானின் சொல் போனது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கிரேக்கர்கள் செய்த வேலை. உலகமே அவர்கள் மொழியிலிருந்து ஒரு சொல்லைச் செய்து பரப்ப, இன்றைய கிரேக்க மொழியில் ஸ்டாம்ப் சேகரிப்புக்குப் பெயர் ‘ஃபிலோடெலிஸ்மோஸ்’. உற்றுப் பாருங்கள், நடுவில் அந்த ‘அ’ இல்லை. விலக்கு போய், வெறும் டெலோஸ். அதாவது கட்டணப் பிரியம்!

யார் சரி? அனுப்புகிறவர் பக்கம் நின்றால் கிரேக்கர்கள் சரி. ஸ்டாம்ப் என்பது காசு கட்டியதற்கான ரசீதுதானே, இலவசம் எங்கே வந்தது? ஹெச்.ஆர்.ஏ.வுக்காக வாடகை ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுகிறோமே, அது அப்பட்டமான வரி. அதைச் சேகரிப்பவர்களும் ஃபிலாட்டலிஸ்டுகள்தான். எர்பான் வாங்குகிறவரின் வாசலில் நின்று பார்த்தார். தபால்காரர் வந்து, கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கையை நீட்டாமல் போகிறார். அந்தக் காட்சிக்குத்தான் அவர் பெயர் வைத்தார். என் ஓட்டு அவருக்கு.

(சின்ன இடைச்செருகல்: தீப்பெட்டி லேபிள் சேகரிப்புக்கும் இப்படி ஒரு பெயர் உண்டு, ‘ஃபிலூமெனி’. கிரேக்க ஃபிலோஸோடு லத்தீனில் ஒளி என்று பொருள்படும் லூமெனைச் சேர்த்த கலப்படம். சிவகாசிக்காரர்கள் குறித்துக்கொள்ளவும்.)

நம்ம ஊரில் ‘பேரிங்’

இந்தியா முழுமைக்கும் ஒரே கட்டணம் வந்தது 1854 அக்டோபர் 1-இல். தூரம் எதுவானாலும் கால் தோலா எடைக்கு அரை அணா. இங்கேயும் ஸ்டாம்பில் விக்டோரியாவின் தலைதான். நாலணா ஸ்டாம்புகள் சிலவற்றில் அச்சுப் பிழையாகத் தலை தலைகீழாக விழ, இன்று அவை உலகின் அரிய ஸ்டாம்புகளில் சேர்ந்துவிட்டன.

ஆனால் பழைய முறை முழுதாகச் சாகவில்லை. ஸ்டாம்ப் ஒட்டாமலும் கடிதம் போடலாம், சேரும் இடத்தில் இரண்டு மடங்கு வசூலிப்பார்கள். அதற்குத்தான் ‘பேரிங்’ என்று பெயர். ‘பேரிங் லெட்டர்’ என்று சொன்னால் வீட்டில் பெரியவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். சிலருக்குச் சிரிப்பு, சிலருக்கு வேறு ஏதோ.

என் தப்பைப் பிடித்த அந்த வாசகருக்கு இதையெல்லாம் படித்துவிட்டு நன்றி சொல்லி எழுதினேன். அவர் 70 வயதைத் தாண்டியவர், 50 வருடமாகச் சேகரிக்கிறாராம். பதிலுக்கு ஒரு நீளமான வாய்ஸ் நோட் வந்தது.

“தம்பி, எங்க அண்ணன் பம்பாய்ல ஒரு ஓட்டல்ல வேலை பாத்தாரு. சம்பளம் வராத மாசம் பேரிங்லதான் லெட்டர் போடுவாரு. போஸ்ட்மேன் வந்து திண்ணையில உக்காந்துக்குவாரு. எங்க அம்மா பக்கத்து வீட்டுல ஓடிப் போய்க் கடன் வாங்கிட்டு வந்து கொடுக்கும். ஒரு தடவை கெடைக்கல. லெட்டரை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்துச்சு. அண்ணன் கையெழுத்துதானான்னு மட்டும் பாத்துட்டுத் திருப்பிக் கொடுத்துருச்சு. அந்த போஸ்ட்மேன் நல்ல மனுசன். மறுநாளு தானே கட்டிட்டேன்னு சொல்லிக் கொண்டாந்து கொடுத்தாரு.”

கூடவே ஒரு போட்டோ. அவருடைய ஆல்பத்தின் ஒரு பக்கம். நடுவில் மஞ்சளேறிய உறை, ஒரு மூலையில் ‘பேரிங்’ முத்திரை, பக்கத்தில் வசூலிக்க வேண்டிய தொகை யாரோ பேனாவால் எழுதியது. எட்டு ஆல்பம் வைத்திருக்கிறார். ஸ்டாம்பே இல்லாத பக்கம் அது ஒன்றுதானாம்.